குடைவான் ஒரு நாளில் எவ்வளவு தோண்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி இருந்தவர்கள்:

நடுவர். ஆட்டத்தை நடத்துகிறவர். வாரம் முழுக்கப் பல்செட் செய்து பிழைக்கிறவர்.

அண்ணி. நடுவரின் மனைவி. ஆட்டத்தில் சூனியக்காரி. வெளியே, பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை.

மச்சான். அண்ணியின் தம்பி. நடுவர் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்குமே மச்சானாகிவிட்டவன். ஆட்டத்தில் வாள்வீரன். வெளியே போன் ரிப்பேர்.

பெருச்சாளி. ஆட்டத்தில் குடைவான். வெளியே பார்சல் குடோனில் இரவு வேலை.

ஐந்தாவது நாற்காலியில் மடிக்காத துணி.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஜெயிப்பு தோற்பு கிடையாது. ஆளுக்கு ஒரு உருவம். இல்லாத ஒரு தேசம். நடுவர், "எதிரே ஆறு, பாலம் இடிஞ்சு கிடக்கு, என்ன செய்றீங்க?" என்பார். அவரவர் உருவம் என்ன செய்யும் என்று அவரவர் சொல்ல வேண்டும். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். மேசைமேல் நிற்கிற பொம்மைகளை நடுவரே வார்த்திருந்தார், பல்செட்டுக்கு ஈறு செய்கிற பசையில். அதனால் அரக்கன், குதிரை, ராஜா, ஆட்டுக்குட்டி எல்லாமே ஈறு நிறம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் குமட்டும்.

பெருச்சாளிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் இருக்கிறது. குடோனில் அவனை 'நைட்டு' என்பார்கள். "நைட்டு, பெல்ட்டைப் பாரு." "நைட்டு, ஒதுங்கு." பெட்டிகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்து இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளிவிட வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செய்கிற வேலை. அங்கே யாரும் யாரிடமும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஒரே ஒரு கட்டில். இவன் வேலையில் இருக்கும்போது அதில் பகல் வேலைக்காரன் ஒருவன் தூங்குவான். அவன் எழுந்து போன பிறகு இவன். இவன் படுக்கும்போது மெத்தை இன்னும் சூடாக இருக்கும். அந்த ஆளைப் பற்றி இவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சூடுதான்.

ஞாயிறு அந்த ஆளுக்கு விடுமுறை. கட்டில் பகலிலும் அவனுக்கே. அதனால் பெருச்சாளி முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக நடுவர் வீட்டுக்கு வந்துவிடுவான். அங்கே மூன்று பேர் அவனைப் பார்த்து, "நீ என்ன செய்றே?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஆள் அவனுக்கு வேறு யாரும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணி ஒரு விஷயம் சொன்னார். அவருடைய மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். படி ஏற முடியாது. கீழே இருக்கிற அறை இது ஒன்றுதான்.

"அப்போ சுரங்கம் கோட்டையைத் தொட்டதும் கதையை முடிச்சிடலாம்," என்றார் நடுவர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பெருச்சாளியும் ஆட்டினான். சுரங்கம் தோண்டுகிறவன் அவன்தான்.

குடைவான் என்பது முழங்கால் உயரத்துக்கு ஒரு பிராணி. கண் இருக்கிற இடத்தில் மயிர். கை இரண்டும் மண்வெட்டி. அதைப் பற்றி ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் அரைப்பக்கம் இருக்கிறது. எவ்வளவு வேகமாக ஓடும், எவ்வளவு நேரம் நீந்தும், என்ன தின்னும், கோபம் வந்தால் எங்கே கடிக்கும் எல்லாம் உண்டு. தோண்டுவதைப் பற்றி ஒரே வரி: குடைவான் மண்ணைக் குடையும். எவ்வளவு வேகமாக என்று இல்லை. எழுதினவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.

இந்த மாதிரி இடங்களுக்கு அந்த மேசையில் ஒரு சட்டம் இருந்தது. ஆரம்பத்தில், சூனியக்காரி வாய் நிறையச் சாப்பாட்டோடு மந்திரம் சொல்ல முடியுமா என்று ஒரு சண்டை வந்து, அக்காவும் தம்பியும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது போட்ட சட்டம்: புத்தகத்தில் இல்லாததை அந்த உருவத்தின் சொந்தக்காரர் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். நடுவர்கூட மாற்றக் கூடாது. வாய் நிறைந்திருந்தாலும் சூனியக்காரி சொல்லலாம் என்றார் அண்ணி. அன்றிலிருந்து அவள் மென்றுகொண்டேதான் மந்திரம் சொல்கிறாள்.

ஆக, குடைவான் எவ்வளவு வேகமாகத் தோண்டும் என்பது ஒரே ஒருவன் வாயில் இருந்தது. வேகமாகத் தோண்டினால் அந்த மேசை போய்விடும்.

"சரி," என்று நடுவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "மலையடிவாரம். எதிரே கோட்டை. உள்ளே நிலவறையில வரைபடக்காரி. உங்க மூணு பேருக்கும் வீட்டுக்கு வழி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவதான். சுரங்கம் எதுவரைக்கும் வந்திருக்கு?"

எல்லோரும் பெருச்சாளியைப் பார்த்தார்கள்.

"களிமண்ணுண்ணே," என்றான்.

மச்சான் நெற்றியை மேசையில் முட்டிக்கொண்டான். ராஜா சாய்ந்து விழுந்தார். "போன வாரம் பாறைன்னே."

"பாறை முடிஞ்சு களிமண்ணு."

"அதுக்கு முன்னாடி ஊத்துத் தண்ணி."

"தண்ணி இருக்கிற இடத்துல களிமண்ணு இருக்கத்தான் செய்யும்."

"ஏண்டா, நீ என்ன சுரங்கம் தோண்டுறியா, மண்ணைக் கொஞ்சிட்டு இருக்கியா?"

அண்ணி சிரித்துவிட்டார். பெருச்சாளியும் சிரித்தான். இப்படிக் கேலி செய்ய ஆள் இருப்பது அவனுக்குப் பிடிக்கும். ஆனால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டான்.

சிவில் இன்ஜினீயரிங் படிப்பை அவன் இரண்டாம் வருஷத்தில் விட்டவன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. படித்ததில் மண்ணைப் பற்றிய பாடம் மட்டும் தலையில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் சில வாரங்களாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்றேன் கேளுங்க," என்றான். "மண்ணைத் தோண்டினா பொங்கும். ஒரு கூடைக் குழிக்கு ஒன்றரைக் கூடை மண்ணு வெளியே வரும். அதை எங்க போடுறது? வெளியே கொண்டு போகணும். யார் சுமக்கிறது? வாள்வீரன் சுமப்பானா?"

"என் ஆளு ராஜ பரம்பரைடா."

"சூனியக்காரி?"

"எனக்கு மூட்டு வலி," என்றார் அண்ணி. அது சூனியக்காரிக்கா தனக்கா என்று சொல்லவில்லை.

"அப்போ நான்தான் போய்ப் போய்க் கொட்டிட்டு வரணும். அதுலயே பாதி நாள் போயிடும். அதுக்கு மேல, மூணு பேர் நடக்கிற அகலம் வேணும். மேலே முட்டு கொடுக்கணும். உள்ளே காத்து வரணும். நீங்க பாட்டுக்கு 'எதுவரைக்கும் வந்திருக்கு'ன்னு கேட்டா?"

"சரி, அன்னைக்குக் குகை இடிஞ்சு என் ஆள் உள்ளே மாட்டிக்கிட்டப்போ?" மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் 'காப்பாத்து'ன்னு சொல்லி முடிக்கலை, பக்கத்துல வந்து நின்னே. அப்போ கூடை எங்க போச்சு? முட்டு எங்க போச்சு?"

"அது இடிஞ்சு விழுந்த மண்ணு. பொலபொலன்னு இருக்கும். இது யாரும் கை வைக்காத மண்ணு. இறுகிப் போய் இருக்கும்."

"அடேங்கப்பா. மண்ணுக்குச் சரித்திரமே வெச்சிருக்கான்."

நடுவர் தன் முன்னால் ஒரு அட்டைத் திரை வைத்திருப்பார். அதற்குப் பின்னால்தான் அவருடைய பகடை, குறிப்பு எல்லாம். இப்போது அந்தத் திரைக்கு மேலே அவருடைய கண் மட்டும் தெரிந்தது. அவர் சிரிக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

அண்ணி எழுந்து அலமாரிமேல் இருந்த அளவெடுக்கிற டேப்பை எடுத்தார். "நீங்க ஆடுங்க. என் காது இங்கதான் இருக்கு. தம்பி, இந்த டப்பாவைக் கொஞ்சம் பிடி."

பெருச்சாளி எழுந்து போய் ஜன்னலோரம் டப்பாவைப் பிடித்துக்கொண்டான். அண்ணி முனையை இழுத்துக்கொண்டு கதவுவரை போனார்.

"இங்க கட்டிலைப் போட்டா கதவு திறக்குமா?"

"திறக்கும் அண்ணி. முழுசாத் திறக்காது."

"மேசையை எடுத்துட்டா?"

"எடுத்துட்டாத் திறக்கும்."

"எடுத்துத்தானே ஆகணும்," என்று அண்ணி முனையை விட்டார். அது சர்ரென்று ஓடிவந்து அவன் விரலில் சுள்ளென்று அடித்தது.

அவன் விரலைச் சப்பிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தான். நடுவர் கேட்டார்: "சொல்லு. களிமண்ணு. அப்புறம்?"

"களிமண்ணு தாண்டி என்ன இருக்குன்னு மோப்பம் பிடிக்கிறேன். அதுக்கு ஒரு நாள் வேணும்."

மச்சான் கையில் இருந்த பகடையை மேசையில் எறிந்தான். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இவன் வேணும்னே செய்றான்."

"டேய்," என்றார் அண்ணி.

"இல்லக்கா. எல்லாருக்கும் தெரியும். நீயும்தான் நேத்து சொன்னே. சுரங்கம் முடிஞ்சா ஆட்டம் முடிஞ்சிடும்னு இவன் இழுத்துட்டே போறான். பாறைங்கறான், தண்ணிங்கறான். அடுத்த வாரம் பொதையல் கிடைச்சுதும்பான். எனக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. மோப்பம் பிடிக்கிறதைப் பார்க்கவா நான் வர்றேன்?"

பெருச்சாளி மறுத்துப் பேச வாயைத் திறந்தான். மண், தண்ணீர், முட்டு என்று என்ன சொன்னாலும் இனிமேல் எடுபடாது என்று தெரிந்து மூடிக்கொண்டான்.

"அவன் ஏதோ உளறுறான் தம்பி," என்றார் அண்ணி. அந்தக் குரல் பள்ளி வேனில் அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரல்.

நடுவர் திரையை மடக்கி ஓரமாக வைத்தார். அவர் அதை ஆட்டத்தின் நடுவே மடக்கியதே இல்லை. "வரைபடக்காரிக்கு உள்ளே சாப்பாடு நின்னு ரொம்ப நாளாச்சு," என்றார். "நியாயமாப் பார்த்தா அவ போன வாரமே செத்திருக்கணும். பகடை அப்படித்தான் விழுந்துச்சு. நான் சொல்லலை."

"ஏண்ணே?"

"நீதான் தோண்டிட்டு இருந்தியே."

பெருச்சாளிக்கு மச்சான் திட்டியதைவிட இது அதிகமாக வலித்தது. இத்தனை நாள் அவன் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தான். அவர்கள் அவனைப் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சரி, இந்த ரூம் போனா போகட்டும்," என்றான். "வேற எங்கயாவது ஆடலாம்ல?"

"பாப்போம்," என்றார் நடுவர்.

"என் ரூமுல ஆடலாம்."

"உன் ரூமுலயா?" மச்சான் இப்போது கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம். "நாலு பேர் உட்காரவே இடம் கிடையாதேடா. அந்த ஆளு வேற ஞாயித்துக்கிழமை படுத்திருப்பான்னு நீதானே சொன்னே."

"உங்க கடையில, மச்சான்?"

"முதலாளி விடமாட்டான்."

"பாப்போம் தம்பி," என்றார் அண்ணியும். "மாமனார் வந்து கொஞ்ச நாள் ஆகட்டும்."

பாப்போம் என்று இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. ஒருவர் சொன்னாலாவது கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

பெருச்சாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். பாவப்படுகிறவர்களுக்கு அவன் ஒன்றும் குறைந்தவன் இல்லை. அவனிடம் சட்டம் இருந்தது.

"புத்தகத்துல இல்லாததை யார் சொல்லணும்?" என்று கேட்டான்.

அண்ணியும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்கண்ணே. யார் சொல்லணும்?"

"உருவத்துக்குச் சொந்தக்காரன்," என்றார் நடுவர்.

"அப்போ நான் சொல்றேன். குடைவான் ஒரு நாளைக்கு ஒரு சாண் தோண்டும். எந்த மண்ணா இருந்தாலும் ஒரு சாண்தான்."

மச்சான் வாயைப் பிளந்தான். "ஒரு சாணா! மண்புழுகூட உன்னைத் தாண்டிப் போயிடும்டா!"

"சொன்னாச் சொன்னதுதான்."

மச்சான் நடுவரைப் பார்த்தான். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மூடினார். பிறகு, "சட்டம் சட்டம்தான்," என்றார். "ஒரு சாண்."

அவர் கீழே குனிந்து பகடையை எடுத்து மேசைமேல் வைத்தார். கோபமில்லாமல், வழக்கமான குரலில் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

"ஒரு நாள் போகுது. ஒரு சாண் தோண்டியாச்சு. வாள்வீரன், நீ என்ன செய்றே?"

"சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"சூனியக்காரி?"

"நானும்தான்."

"குடைவான்?"

"தோண்டுறேன்."

"மறுநாள். ஒரு சாண். வாள்வீரன்?"

"உட்கார்ந்திருக்கேன் மாமா."

"சூனியக்காரி?"

"சும்மாதாங்க இருக்கேன்."

"குடைவான்?"

"தோண்டுறேன்."

இப்படியே போயிற்று. நடுவர் ஒரு நாளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று பேரையும் முறையாகக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் மச்சான் போனை எடுத்துக்கொண்டான். தன் முறை வரும்போது தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் தூக்கினான். அண்ணி ஐந்தாவது நாற்காலியில் இருந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார். நடுவர் "குடைவான்?" என்று கேட்பார். பெருச்சாளி "தோண்டுறேன்" என்பான். நடுவர் அடுத்த நாளுக்குப் போய்விடுவார்.

பெருச்சாளி கேட்டது கிடைத்துவிட்டது. அவன் நினைத்தால் இந்தச் சுரங்கம் ஒரு வருஷத்துக்குப் போகும். அறை போனால் என்ன, கதை முடியாமல் அப்படியே கிடக்கும். முடியாத கதைக்காக எப்போதாவது கூட வேண்டிவரும். அவன் கணக்கு அதுதான். ஆனால் இப்போது மேசையில் ஆள் இல்லை. ஒருவன் போனில் இருந்தான், ஒருவர் துணியில் இருந்தார், ஒருவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். இதே மாதிரி ஒரு இடத்தில்தான் அவன் வாரத்துக்கு ஆறு நாள் நிற்கிறான். அங்கே பெல்ட்டாவது ஓடும்.

"மறுநாள்," என்றார் நடுவர். "ஒரு சாண். வாள்வீரன்?"

மச்சான் கையைத் தூக்கினான்.

"சூனியக்காரி?"

அண்ணி ஒரு சட்டையின் கையை உள்ளே தள்ளி மடித்தார். "ம்."

"குடைவான்?"

பெருச்சாளி பதில் சொல்லவில்லை. நடுவர் காத்திருந்தார்.

"அண்ணே, ஒரு சாண்ங்கிறது மூணு பேர் போற அகலத்துக்கு," என்றான் மெதுவாக. "முட்டு கொடுத்து, மண்ணை வெளியே கொண்டு போய்க் கொட்டி."

"ம்."

"தனியாப் போனா அவ்வளவு அகலம் வேண்டாம். உடம்பு நுழையிற அளவுக்கு ஓட்டை போதும். முட்டு வேண்டாம். மண்ணை வெளியே கொண்டு போகவும் வேண்டாம்."

"அப்போ மண்ணு?"

"முன்னாடி தோண்டுறதைப் பின்னாடி தள்ளிக்கிட்டே போகும். குழி பின்னாடியே மூடிக்கும்."

மச்சான் போனிலிருந்து கண்ணை எடுத்தான். "அப்போ நாங்க எப்படி வர்றது?"

"நீங்க வர முடியாது."

"நீ திரும்பி எப்படி வருவே?"

"திரும்ப முடியாது. முன்னாடிதான் போகணும்."

நடுவர் முழங்கையை மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தார். அன்றைக்கு அவர் அப்படிச் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. "எவ்வளவு வேகம்?"

"ஒரே ராத்திரி," என்றான் பெருச்சாளி. "கோட்டைக்கு அடியில."

"மூச்சு?"

"அதுவும் புத்தகத்துல இல்ல. அடக்கிக்கும்."

"இவ்வளவு நாளாக் காத்து வரணும், காத்து வரணும்னு..." என்று மச்சான் ஆரம்பித்தான். அண்ணி அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். துணி மடியிலிருந்து நாற்காலிக்குப் போயிற்று.

"சரி," என்றார் நடுவர். "நீ உள்ளே இறங்குறே. சொல்லு."

பெருச்சாளி சொன்னான். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தடையில்லாமல். களிமண் கைகளில் அப்பிக்கொண்டு வருவதைச் சொன்னான். குடைவான் அதை நெஞ்சுக்கு அடியில் இழுத்து, வயிற்றால் நசுக்கி, பின்னங்காலால் உதைத்துத் தள்ளுவதைச் சொன்னான். கொஞ்ச தூரம் போனதும் மேலே இருப்பவர்களின் பேச்சு மங்குகிறது. பிறகு காலடி மட்டும். பிறகு அதுவும் இல்லை. முன்னாலும் மண், பின்னாலும் மண். உடம்பு இருக்கிற இடம் மட்டும்தான் இடம். அது நகர்ந்தால் இடமும் நகர்கிறது. ஒரு வேர் குறுக்கே வந்தது, கடித்துத் துப்பினான். ஒரு கல் வந்தது, அதைச் சுற்றிக்கொண்டு போனான். சுற்றும்போது திசை தப்பிவிட்டதா என்று நடுவர் கேட்டார். பகடையை உருட்டச் சொன்னார், திரை இல்லாமல், எல்லோர் கண் முன்னாலும்.

பகடை நின்றது. "தப்பலை!" என்று மச்சான் மேசையைத் தட்டினான். "போடா பெருச்சாளி, போ!"

அண்ணி கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

குடைவான் நிலவறையின் தரைக்கல்லுக்கு அடியில் வந்து தலையால் முட்டியது. கல் அசைந்தது. மேலே ஒரு பெண் மூலையில் ஒடுங்கிக்கொண்டு, "யாரு?" என்று கேட்டாள். அவள் குரலை நடுவர் பேசினார், பல நாள் பேசாத தொண்டையின் குரலில். குடைவானுக்குக் கண் கிடையாது. குரல் வந்த பக்கம் மூக்கைத் திருப்பி, "வழி கேட்க வந்தேன்," என்றது. பிறகு ஒரு காவல்காரன், ஒரு சாவிக்கொத்து, இன்னும் சில பகடை. உள்ளேயிருந்து கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது குடைவான். வாள்வீரன் கூச்சல் போட்டுக்கொண்டு நுழைந்தான். சூனியக்காரி மென்றுகொண்டே ஒரு மந்திரம் சொல்லிக் கோட்டைத் தலைவனைக் கழுதையாக்கினாள். எல்லாம் முடிய வெகுநேரம் ஆகவில்லை.

நடுவர் கை தட்டினார். மச்சான் எழுந்து பெருச்சாளியின் தலைமயிரைக் கலைத்தான். "இதை மூணு வாரம் முன்னாடியே செஞ்சிருந்தா உனக்குக் கோயிலே கட்டியிருப்பேண்டா." அண்ணியின் கண் கலங்கியிருந்தது. வரைபடக்காரி பிழைத்ததற்கு என்றார்.

"வரைபடக்காரி ஆளுக்கொரு படம் வரைஞ்சு கொடுக்கிறா," என்றார் நடுவர். "ஆளுக்கொரு வழி. சொல்லுங்க. வீட்டுக்குப் போய் என்ன செய்றீங்க?"

வாள்வீரன் அரண்மனைக்குப் போய், தம்பியைச் சிம்மாசனத்திலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு, பத்து நாள் தூங்கினான். சூனியக்காரி ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் போட்டு, கழுதையைக் கிணற்றடியில் கட்டினாள். இரண்டு பேரும் விவரமாகச் சொன்னார்கள். ஜன்னல் எந்தப் பக்கம், கூட யார் யார் என்பது வரைக்கும்.

"குடைவான்?"

"அதுக்கு வீடுன்னு எதுவும் எழுதலையேண்ணே."

"புத்தகத்துல இல்லைன்னா நீதான் சொல்லணும்."

பெருச்சாளி யோசித்தான். "ஒரு வளை," என்றான். "பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு ஆளுக்குப் போதும்."

நடுவர் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தார். வரவில்லை. "சரி," என்றார். "குடைவான் வளைக்குப் போகுது. கதை முடிஞ்சுது."

அதற்குப் பிறகு வேலை இருந்தது. பொம்மைகளைத் துணியில் சுற்றி ஒரு தகர டப்பாவில் போட்டார்கள். மேசையின் காலை மடக்கி மாடிப்படிக்கு அடியில் சாய்த்தார்கள். நடையில் பிரித்துப் போட்டிருந்த கட்டிலின் சட்டத்தை மச்சானும் பெருச்சாளியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தார்கள்.

"உன் பக்கம் தூக்குடா. ஒரு சாண், ஒரு சாணா வராதே."

"வாயை மூடிட்டு நேராப் பிடிங்க மச்சான்."

திருகு முடுக்கியது பெருச்சாளி. கட்டிலை ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. அண்ணி மெத்தையைப் போட்டு விரிப்பை இழுத்துச் செருகினார். ஒரு காலி மருந்துப் பெட்டியை ஜன்னலில் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் அது நோயாளி அறையாகிவிட்டது. அங்கே யாரும் எந்தக் கோட்டையையும் பிடித்த அடையாளமே இல்லை.

மச்சானுக்கு யாரோ போன் செய்தார்கள். பேசிக்கொண்டே செருப்பை மாட்டி, பேசிக்கொண்டே வண்டியை எடுத்து, பெருச்சாளிக்கு ஒரு கையை மட்டும் காட்டிவிட்டுப் போனான். அவன் போகிற பக்கம் வேறு.

"டீ குடிச்சிட்டுப் போயேன் தம்பி," என்றார் அண்ணி உள்ளேயிருந்து. அப்போதே சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது. அவர் அங்கே ஓடினார்.

நடுவர் வாசல்வரை வந்தார். இருவரும் நின்றார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. வேலைக்குப் போக நேரம் நிறைய இருந்தது. கட்டிலில் அந்த ஆள் படுத்திருப்பான். அதுவரை எங்கே இருப்பது என்று பெருச்சாளி இன்னும் யோசிக்கவில்லை.

"நல்லாத் தோண்டினே," என்றார் நடுவர்.

"வேற வழி இல்லண்ணே."

"அப்பப்போ வா."

"எப்போண்ணே?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தார். உள்ளே அண்ணி, "ஏங்க, கண்ணாடி பூரா கிடக்கு, துடைப்பத்தை எடுத்துட்டு வாங்க," என்று கூப்பிட்டார். நடுவர் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு இவனை.

"போன் பண்றேன்," என்றார்.

அவரிடம் அவனுடைய நம்பர் கிடையாது. இத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் வந்துவிடுவான். போனுக்கு அவசியம் வந்ததில்லை. அதை இப்போது சொல்லலாம். சொன்னால் அவர் வாங்கிக்கொள்வார், தாள் தேடுவார், பேனா தேடுவார், எழுதிக்கொள்வார். அப்புறம் அந்தத் தாள் இருக்கும், போன் வராது.

"சரிண்ணே," என்றான்.

"பார்த்துப் போ."

பெருச்சாளி இரண்டு படி இறங்கித் தெருவில் கால் வைத்தான். பின்னால் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு நொடி கழித்து, உள்ளேயிருந்து சாவியும் திரும்பியது.